விமான விசிறிக்குப் பசை பூசியவள்

பசை ஒட்டுகிற தொழிலில் ஒட்டியது பிடித்து நின்றால் ஒருவரும் உங்களை நினைக்க மாட்டார்கள். கழன்றால்தான் பெயர் சொல்லித் தேடுவார்கள். இதே நிலைமையில் தையல் மெசினோடும் பைப் ரென்ஞ்சோடும் காலம் தள்ளுகிறவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

சிங்கப்பூரில் விமான என்ஜின் திருத்துகிற ஒரு தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்தேன். பெரிய விமானத்து என்ஜினின் வாயில் விசிறி ஒன்று தெரியுமே, அதன் இதழ்களைச் சில என்ஜின்களில் கார்பன் நாரில் செய்கிறார்கள். பறவை மோதினால் நார் கிழிந்துவிடும் என்பதற்காக, இதழின் முன்விளிம்பில் டைட்டானியத் தகட்டை உறைபோலப் போர்த்துவோம். ஆணியும் இல்லை, திருகும் இல்லை. பசைதான். தகடு பழுதான இதழ்கள் வந்தால் பழையதைக் கழற்றிப் புதியதை ஒட்டுவது என் வேலை. இப்போது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், புகுந்த வீட்டு வளவில் ஒரு கொட்டில் போட்டு பைபர் படகு திருத்துகிறேன்.

பெண் பார்க்க வந்தவர்கள்

லீவில் எங்கள் ஊரான தெல்லிப்பழைக்கு வந்திருந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அப்பா என் வேலையைப் பற்றி முன்கூட்டியே "ஏரோப்பிளேன் என்ஜினியரிங்" என்று சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் தாயார் அதோடு விடவில்லை. "அதிலை நீங்கள் என்ன பிள்ளை செய்யிறனீங்கள்?" என்று என்னிடமே கேட்டார். "பசை ஒட்டுறனான்" என்றேன். அப்பா முற்றத்தைப் பார்க்கத் தொடங்கினார். கூட வந்த சித்தப்பா ஒருவர் வடையைக் கடித்தபடியே நின்றுவிட்டார்.

தாயார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கழண்டு போகாதோ?" என்றார். எப்படித் துப்புரவாக்குவோம், எப்படிக் காற்றை உறிஞ்சி அழுத்தத்தில் வேகவைப்போம், பிறகு எப்படிச் சோதிப்போம் என்று எல்லாம் சொன்னேன். குறுக்கே கதைக்காமல் கேட்டார். பிறகு தன் மகனைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவன்ரை சேட்டிலை ஒரு பொத்தானும் நிக்கிறேல்லை. ஒட்டத் தெரிஞ்ச ஒருத்தி வாறது நல்லதுதானே."

ஒரு துளி

ஒட்டுவதற்கு முன் தகட்டில் சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பார்ப்போம். தண்ணீர் ஒரே விரிப்பாகப் படர்ந்தால் தகடு சுத்தம். எங்கேயாவது முத்துமுத்தாகத் திரண்டால் அங்கே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் இருக்கிறது. அதில் பசை பிடிக்காது.

ஒருநாள் அவசர வேலை. இதழ் இல்லாமல் விமானம் கொட்டகையில் நிற்கிறது. எங்கள் மேலாளர் டான் என் முதுகுக்குப் பின்னால் நின்று மணிக்கூட்டைப் பார்க்கிறார். தகட்டின் நுனியில் ஒரு துளி திரண்டது. கழுவினேன். மறுபடியும் திரண்டது. "இத்தனை சின்ன இடம்தானே" என்றார் அவர். "உரியத் தொடங்க அது போதும்" என்றேன். புதிதாக வந்த கையுறைகளில் ஏதோ பூச்சு இருந்தது பிறகுதான் தெரிய வந்தது. அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் தெரிந்தது அந்தத் துளி மட்டும்தான். அவருடைய போன் அடித்தது. எடுத்து அணைத்துவிட்டு, குனிந்து துளியைப் பார்த்தார். "என் மகள் வெளிநாட்டுப் படிப்புக்குப் பறக்கப் போகிறது இந்த விமானத்தில்தான். இன்னொரு தரம் கழுவு."

கொக்கு

கலியாணத்துக்குப் பிறகு மாமி, அதுதான் அந்த மாப்பிள்ளையின் தாயார், சிங்கப்பூரைப் பார்க்க வந்தார். திரும்பிப் போகும்போது நானும் கொழும்பு வரை கூடப் போனேன். விமானம் எழும்பிச் சற்று நேரத்தில் இடப்பக்கத்தில் படாரென்று ஒரு சத்தம். இறைச்சி கருகுகிற மணம் உள்ளே வந்தது. என்ஜினில் பறவை மோதிவிட்டது, திரும்பி இறங்குகிறோம் என்று அறிவித்தார்கள். மற்றவர்கள் கும்பிட்டார்கள். எனக்குக் கும்பிடவும் வரவில்லை. ஒரு தகடு உரிந்தால் உள்ளே என்னவெல்லாம் நடக்கும் என்று படமாகத் தெரிந்தவள் நான். கால் பாதத்தால் தரையின் அதிர்வைக் கவனித்தபடி இருந்தேன். மாமி என் கையைப் பிடித்து, "உது நீ ஒட்டினதோ பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார். "தெரியாது மாமி" என்றேன். உண்மையும் அதுதான்.

பத்திரமாக இறங்கினோம். விமான நிலையக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஏணியில் நின்ற இருவர் விசிறியைக் கையால் சுற்றி, இதழ் இதழாக டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். ஓர் இதழின் விளிம்பு உள்ளங்கை அளவுக்கு நெளிந்திருந்தது. வெள்ளைச் சிறகு ஒன்றும் ஒட்டிக் கிடந்தது. தகடு உரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார். "கொக்குப் பாவம். ஒட்டினது ஆரெண்டாலும் அந்தக் கை நல்லாயிருக்கோணும்."

பல்லுக்கட்டு

சிங்கப்பூர் வேலையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, அடுத்த வளவு சிவபாக்கியம் அக்கா உடைந்த பல்லுக்கட்டோடு, அதுதான் கழற்றி மாட்டுகிற பொய்ப்பல்லோடு, வந்தார். விமானப் பசையால் ஒட்டித் தரட்டாம். அந்தப் பசை என்னிடம் இல்லை, இருக்கிறது படகுப் பசை, இரண்டும் வாய்க்குள் வைக்கிற சாமான் இல்லை, பல் டாக்டரிடம் போங்கோ என்றேன். அக்காவுக்கு அது ஏறவில்லை. "பறக்கிற என்ஜினுக்கு ஒட்டுவியாம், என்ரை ஆறின சோறு மெல்லுற பல்லுக்கு ஒட்ட மாட்டியோ?"

சின்னராசா அண்ணையின் படகு

யாழ்ப்பாணக் கடற்கரையில் இருக்கிற கொழும்புத்துறைச் சின்னராசா அண்ணை அடிப்பக்கம் வெடித்த படகைக் கொண்டுவந்தது மாரி தொடங்கின நேரம். இறால் படுகிற காலம். அவருக்கு உடனே போக வேண்டும். ஒட்டி, காய்ந்த பிறகு சில்லறைக் காசால் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் சத்தம் உள்ளே வெறுமையாக இருப்பதுபோலப் பொள்ளலாகக் கேட்டது. ஈரம் உள்ளே நின்றிருக்கிறது. நான் ஒட்டியதை நானே வெட்டி எடுத்தேன். அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்லுமாதிரிக் கிடந்ததை ஏன் தங்கச்சி கிண்டுறியள்?" என்று கேட்டுவிட்டு, படகு முடியும்வரை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மறுபடி உலர்த்தி, ஒட்டி, தட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் காற்றும் மழையுமாக இருந்தபோது, கடலுக்குள் வலை கட்ட நட்டிருந்த தடி ஒன்றில் படகு மோதிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அவர் கரைக்கு வந்து சேர்ந்தாரா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மழை விட்ட பிறகு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் படகை ஏற்றிக்கொண்டு அவரே எங்கள் வாசல் படலையடியில் வந்து நின்றார். படகின் முன்பக்கத்து அணியத்தில் பெரிய ஓட்டை. நான் முதலில் அவரைத்தான் பார்த்தேன், பிறகுதான் படகை. அவர் அடிப்பக்கத்தைக் காட்டினார். "தங்கச்சி, நீங்கள் ஒட்டின இடம் அப்பிடியே கிடக்கு. ஒட்டாத இடம்தான் உடைஞ்சது. மிச்சப் படகையும் ஒட்டி விடுங்கோ."

கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒட்டுவதற்குப் பசை கொஞ்சமும் பொறுமை நிறையவும் வேண்டும், அந்தப் பொறுமையை இன்னும் ஒரு கடையிலும் போத்தலில் விற்கத் தொடங்கவில்லை என்பதால்தான் என் கொட்டிலுக்கு ஆட்கள் வருகிறார்கள்.