பூனையைத் தடவிய கை

இதைக் கட்டுக்கதை என்று நினைத்துப் படித்தாலும் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. யார் தலையிலும் அடித்துச் சத்தியம் பண்ணப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் கும்மிருட்டு, காற்று, நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோவீர்கள். எனக்கு எல்லாமே வெளிச்சத்தில் நடந்தது. துல்லியமாகச் சொன்னால், மாலை நாலு நாற்பதுக்கு.

நான் ஒரு பிராணிகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். பூனைப் பிரிவு என் பொறுப்பு. காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை. கூண்டு கழுவுவது, மருந்து புகட்டுவது, யாராவது வளர்க்கக் கேட்டு வந்தால் பல்லைக் காட்டிப் பேசுவது எல்லாம் நான்தான். எனக்கு மேலே பொறுப்பாளர் ஒருவர். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம் முறிந்து, ஒற்றைப் பெட்டியோடு தெருவில் நின்றபோது வேலை போட்டுக் கொடுத்தவர். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொன்ன வாயில் மண்ணை அள்ளித்தான் போட வேண்டும்.

கோட்டான் எங்களிடம் வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. சாம்பல் நிறப் பூனை. இடது காது நுனியில் ஒரு வெட்டு, வால் நுனியில் ஒரு முடிச்சு. சத்தமே போடாது. ஊமைக்கோட்டான் மாதிரி கூண்டு மூலையில் உட்கார்ந்து முறைக்கும், அதனால் அந்தப் பெயர். யார் கையை நீட்டினாலும் உடம்பு கிடுகிடுவென்று ஆடும். கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் போதும், இருந்த இடத்திலேயே நனைத்துவிடும்.

அதன் படிவத்தில் 'உரிமையாளர் காலமானார்' என்று இருந்தது. எழுதியது அக்கா. எங்கள் காப்பகத்தில் அது சாதாரண வரி இல்லை. உரிமையாளர் உயிரோடு இருந்தால், அவர் கையெழுத்துப் போடாமல் பிராணியை வேறு வீட்டுக்குக் கொடுக்க முடியாது. இறந்துவிட்டால் யார் கையெழுத்தும் வேண்டாம்.

முதலில் ஒரு தையல்காரர் எடுத்துப் போனார். பிறகு இரட்டைக் குழந்தைகள் இருந்த ஒரு வீடு. இரண்டு பேரும் பத்தே நாளில் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். காரணம் என்ற இடத்தில் 'சரியாகச் சாப்பிடவில்லை' என்று இரண்டு தடவையும் அக்கா எழுதினார். மூன்றாவது முறை திரும்பி வந்தால் பின்னறைதான். ஜன்னல் கிடையாது. வளர்க்கக் கேட்டு வருகிறவர்களுக்கு அந்த அறையைக் காட்ட மாட்டோம். அங்கே போன பூனை சாகிற வரைக்கும் அங்கேதான்.

"நீயே கூட்டிட்டுப் போயேன்," என்றார் அக்கா. "உன்ன விட்டா அதுக்கு யாரு இருக்கா? நீயும் தனியாத்தானே கெடக்க."

எனக்கு மனசு இளகிவிட்டது. கூட்டிக்கொண்டு வந்தேன். கூடையை இறக்கி வைத்து, "இனிமே இதுதான் உன் வீடு. உன்ன யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க," என்று வாக்கும் கொடுத்தேன்.

என் வீடு இரண்டாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும். பயந்த பூனையைப் பழக்க எங்களிடம் ஒரு முறை உண்டு. தரையில் உட்கார்ந்துகொண்டு, அதைப் பார்க்காமல், எதையாவது சத்தமாகப் படிக்க வேண்டும். தொடக் கூடாது, கூப்பிடவும் கூடாது. குரல் பழகினால் ஆள் பழகும். தினமும் நாலு மணிக்குப் பழைய செய்தித்தாளோடு உட்கார்ந்தேன். மழை நிலவரம், வீட்டுமனை விளம்பரம், மணமகன் தேவை என்று ஒரு வரி விடாமல் படித்தேன். கட்டிலுக்கு அடியில் இரண்டு கண் மட்டும் தெரியும்.

மூன்றாம் நாள். படித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். அதன் காது விறைத்திருந்தது. பார்வை என் மேல் இல்லை. எனக்குப் பின்னால், ஜன்னலோரம் கிடந்த பிரம்பு நாற்காலியின் மேல் இருந்தது.

கிறீச்...

யாராவது உட்காரும்போது அந்த நாற்காலி போடுகிற சத்தம். திரும்பினேன். காலி. மணி நாலு நாற்பது. வெயிலில் காய்ந்த பிரம்பு அப்படித்தான் முனகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அதே நேரம் கோட்டான் வெளியே வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன். பத்து மாதம் காத்திருந்தது இதற்குத்தானே? வயிற்றைத் தரையில் இழுத்தபடி நேராக என்னைப் பார்த்து வந்தது. என்னைத் தாண்டிப் போனது. நாற்காலிக்கு முன்னால் நின்று, காற்றில் உடம்பை உரசியது. ஒரு காலைச் சுற்றுவது போல வளைந்து, அடுத்த காலையும் சுற்றியது. அங்கே கால் எதுவும் இல்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமை. பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டவள் நான். அது போய் உரசுவது யாரிடம்?

எட்டாம் நாள் அதன் முதுகைக் கவனித்தேன். ரோமம் அமுங்கிக்கொண்டே போனது. நெற்றியிலிருந்து வால் வரை, நான்கு கோடுகள். கோடுகளுக்கு நடுவே, விரல்களுக்கு இடையில் இருக்கிற அளவுதான் இடைவெளி. பிறகு வெட்டுப்பட்ட காதின் நுனி தானாக மடங்கியது. ஒரு முறை... இன்னொரு முறை. நாலு ஐம்பத்திரண்டுக்கு எல்லாம் நின்றது. கோட்டான் கொஞ்ச நேரம் நாற்காலியையே பார்த்துவிட்டுக் கட்டிலடிக்குப் போய்விட்டது.

செத்துப்போன உரிமையாளர்தான். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்பதாம் நாள் வீம்பு வந்துவிட்டது. என் வீடு, என் வாடகை, என் நாற்காலி. நாலரைக்கே போய் அதில் உட்கார்ந்துகொண்டேன். இன்றைக்கு எப்படி உட்காருகிறார் என்று பார்த்துவிடலாம்.

நாலு முப்பத்தெட்டு. ஒன்றுமில்லை.

நாலு நாற்பது. நான் அசையவில்லை. ஆனால் நாற்காலி... கிறீச்.

தோளில் ஒரு குளிர் இறங்கியது. முழங்கைக்கு வந்தது. மணிக்கட்டுக்கு வந்தது.

கோட்டான் ஓடி வந்து என் மடியில் ஏறியது.

என் வலது கை எழுந்தது.

நான் தூக்கவில்லை.

நெற்றியிலிருந்து வால் வரை... நெற்றியிலிருந்து வால் வரை. நான் அப்படித் தடவவே மாட்டேன். பயந்த பூனையை நெற்றியில் தொடக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். விரல்கள் காது நுனியை இரண்டு முறை கிள்ளின.

கோட்டான் உறுமியது. சுகத்தில், தொண்டைக்குள், குர்ர்ர்... என்று. முதல் முறையாக.

கத்த வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை.

நாலு ஐம்பத்திரண்டு. கை என் கையானது.

பூனையைத் தள்ளிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து தையல்காரருக்குப் போன் செய்தேன்.

"நாலே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி, அதானே?" என்றார், நான் சொல்வதற்கு முன்பே. "எங்க வீட்டுலயும் அதே கதைதாம்மா. உங்க அக்காகிட்ட புட்டுப் புட்டு வச்சேனே. எங்கிட்ட துணி தைக்க வர்ற அந்த ரெட்டைப் புள்ளைங்க அம்மாவும் சொன்னாங்களாம். அங்கயே வேலை பாக்கறீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. சரியாகச் சாப்பிடவில்லை என்றுதான் எனக்குத் தெரியும். அக்காவைக் கூப்பிட்டேன்.

"கோட்டான் யாரோட பூனைக்கா?"

"யாரோ ஒரு டீச்சர். போய்ச் சேந்துட்டாங்க. இப்ப எதுக்கு அந்த ஆராய்ச்சி?" வைத்துவிட்டார்.

தெரிந்தே என் தலையில் கட்டியிருக்கிறார். தனியாகக் கிடப்பவள், கேட்க நாதி இல்லாதவள். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில், கொடுத்த வாக்கை நானும் காற்றில் விட்டேன். நாளைக்கே இதைக் கொண்டுபோய் விட்டுவிடுவது. பின்னறையோ எதுவோ, என் கண்ணில் படாமல் இருந்தால் சரி.

திருப்பிக் கொடுக்கிற பூனைக்கு வைத்தியர் சான்று வேண்டும். மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவில் இருந்த கால்நடை மருத்துவரிடம் போனேன். கூடையைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, இது நம்ம டீச்சரம்மா பூனையாச்சே! இந்தக் காதைத் தச்சதே நான்தான். அவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

"அவங்க இறந்துட்டாங்களே டாக்டர்."

"யாரு சொன்னது? போன வாரம்தானே பாத்தேன். என் மாமனாரைச் சேத்திருந்த ஆஸ்பத்திரி, அதே மாடி. பக்கவாதம். பேச்சில்ல, நெனவில்ல. ஆனா மூச்சு இருக்கு."

செத்தவர் வந்தார் என்றால்கூட மனசு ஒரு வழியாக ஏற்றுக்கொள்ளும். உயிரோடு இருக்கிறவர் என் நாற்காலிக்கு எப்படி வந்தார்?

சான்று வாங்கவில்லை. கோட்டானை வீட்டில் விட்டுப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

நாலாவது மாடி. நாலு முப்பத்து மூன்று. கடைசிக் கட்டிலைச் செவிலியர் காட்டினார். எலும்பும் தோலுமாக ஒரு பெரியம்மா. கண் மூடியிருந்தது. பக்கத்தில் நின்றேன். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தொன்பது.

நாற்பது.

போர்வைக்குள்ளிருந்து வலது கை எழுந்தது. காற்றில், ஒரு சின்ன நெற்றியிலிருந்து ஒரு வால் வரை... மெதுவாக... மறுபடியும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ கிள்ளின. இரண்டு முறை.

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. குனிந்து அவர் காதில் சொன்னேன். "அது எங்கிட்டதான் இருக்கும்மா. சாகற வரைக்கும் எங்கிட்டயே இருக்கும். யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன். நீங்க எப்ப வேணாலும் வாங்க."

மூடிய கண்ணோரம் ஈரம் கசிந்தது. கை மட்டும் நிற்கவில்லை. நாலு ஐம்பத்திரண்டுக்குத்தான் விழுந்தது.

செவிலியர் ஈரப் பஞ்சோடு வந்து அந்த உள்ளங்கையை விரித்துத் துடைத்தார். பஞ்சில் சாம்பல் நிற ரோமம்.

"தெனமும் இதே வேலை," என்று அலுத்துக்கொண்டார். "எங்கேருந்துதான் ஒட்டுதோ."

"பூனை வளக்கறவங்க யாராச்சும் பாக்க வர்றாங்களா?"

"யாருமே வர்றதில்லம்மா. பத்து மாசத்துல இவங்களப் பாக்கணும்னே வந்த மொத ஆளு நீங்கதான். பொண்ணு ஒருத்தி இருக்கா, மாசத்துக்கு ஒரு போனு. 'இன்னும் இருக்காங்களா'ன்னு கேப்பா. இருக்காங்கன்னதும் வச்சுடுவா."

கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கியது. நோயாளியின் வயது, சேர்த்த தேதி. அதற்குக் கீழே, தொடர்புக்கு: மகள். பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்.

எதற்கும் இருக்கட்டும் என்று அந்த எண்ணை என் கைப்பேசியில் அழுத்தினேன். முழுவதும் அழுத்தி முடிப்பதற்குள் திரையில் பெயர் வந்துவிட்டது.

அக்கா.