வட்டகொடையில் ஓர் அட்டை

"மகாவீரர் காலில் அட்டை ஏறியிருந்தால் என்ன செய்திருப்பார்?" என் ஐந்து வயது மகள் கேட்கிறாள். நாங்கள் வந்தவாசிப் பக்கத்துச் சமணர்கள். எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

இலங்கை மலையகத்தைச் சுற்றிப்பார்க்க வந்து, வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, மழை விட்ட தேயிலைச் சரிவில் நிற்கிறோம். அவள் கெண்டைக்காலில் ஓர் அட்டை உப்பிக்கொண்டிருக்கிறது. அவள் அழவில்லை, குதிக்கிறாள். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் உப்புப் பொட்டலத்தோடு ஓடி வருகிறார்.

"உப்பு வேண்டாங்க, செத்துடும்" என்கிறேன்.

"கடிக்கிறதுக்கே பாவம் பாக்குறீங்களே." சிரித்தபடி நகத்தால் நெம்பி எடுக்கிறார். அட்டை அவர் விரலில் நெளிகிறது. உயிரோடுதான் இருக்கிறது! மகளோடு சேர்ந்து நானும் கைதட்டுகிறேன்.

"இப்ப எங்கங்க விட? இங்க விட்டா நாளைக்கு எங்க கால்லதானே ஏறும்?"

அவர் வெறுங்காலுடன் நிற்கிறார். கணுக்கால் முழுக்கக் கடித்த தழும்புகள். காலித் தண்ணீர் பாட்டிலை அவசரமாக நீட்டுகிறேன்.

இப்போது அட்டையும் எங்களோடு ரயிலில் வருகிறது. மூடியில் துளை போட்டிருக்கிறேன், போதுமா தெரியவில்லை. யாருடைய காலும் படாத ஈரமான இடம் இந்த மலையில் எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.