கழற்ற முடியாத காப்பு

சில வருடங்களுக்கு முன், பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம் இருந்த சனிக்கிழமை. ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங் பக்கம் ஒரு பள்ளித் திடலில் இடைநிலைப்பள்ளி மாணவிகளுக்கான கைப்பந்துப் போட்டி. நான் ஆசிரியை. நடுவர் பயிற்சிக்குப் போய் வந்த பாவத்துக்கு வருடா வருடம் என் பெயரைப் போட்டுவிடுவார்கள். ஒரு தொப்பி, ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு, நாள் முழுக்க வெயில். இதுதான் எங்களுக்கு நடக்கும் மரியாதை.

அன்று எனக்கு இரண்டாம் நடுவர் வேலை. முதல் நடுவர் வலைக்கு ஒரு பக்கம் உயரமான மேடையில் நிற்பார். இரண்டாம் நடுவர் மறுபக்கம் தரையில் நின்று, வலையை யார் தொட்டார்கள், நடுக்கோட்டை யார் தாண்டினார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் இன்னொரு வேலை உண்டு. விசில் அடிப்பதற்குள் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து நகம், தோடு, சங்கிலி, வளையல் எல்லாம் சரிபார்க்க வேண்டும். அடுத்தவர் மேல் பட்டுக் கீறக்கூடிய எதையும் போட்டுக்கொண்டு ஆடக் கூடாது. ஒரு சமயம் ஒரு பெண்ணின் மோதிரம் வலையில் மாட்டி விரல் கிழிந்ததைப் பார்த்தவள் நான். அதனால் இந்தச் சோதனையில் யாருக்கும் சலுகை காட்ட மாட்டேன். "கழட்டு, கழட்டு" என்று சொல்லிக்கொண்டே வரிசையில் நடப்பேன்.

சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டப் பகுதியிலிருந்து ஒரு பள்ளி வந்திருந்தது. எட்டுப் பேர் வர வேண்டிய அணியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். மிச்சம் சரியாக ஆறு பேர். ஆறு பேர் இல்லாவிட்டால் ஆடாமலேயே தோல்விதான். அந்த ஆறு பேரில் கடைசியாக நின்ற பெண் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். நீட்டச் சொன்னேன். மணிக்கட்டில் மஞ்சள் தடவிய காப்புக் கயிறு. நடுவில் முடிச்சுப் போட்ட விரலி மஞ்சள், காய்ந்து கல் மாதிரி இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"டீச்சர், இத மட்டும் கழட்டச் சொல்லாதீங்க டீச்சர். அம்மாவுக்கு ஆப்பரேஷன் முடிஞ்சி இன்னும் ஆஸ்பத்திரிலதான் இருக்காங்க. பால்குடம் எடுக்குறேன்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. காப்பு கட்டினால் வேண்டுதல் முடியும்வரை அவிழ்க்கக் கூடாது என்று எங்கள் வீட்டிலும்தான் சொல்லி வளர்த்தார்கள். அந்தக் கயிற்றை வெட்டினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அந்தப் பிள்ளை நம்பியது. அவள் ஆடாவிட்டாலோ, மற்ற ஐந்து பிள்ளைகளும் வந்த வேனிலேயே திரும்ப வேண்டியதுதான்.

அவர்களின் பயிற்சியாளர், ஒரு தமிழ் ஆசிரியர், பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பாத்தும் பாக்காத மாதிரி விட்டுருங்க டீச்சர். நம்ம புள்ளதானே லா."

அந்த 'நம்ம புள்ள'தான் என்னை உறுத்தியது. எதிரணி முழுக்க மலாய் மாணவிகள். காய்ந்த மஞ்சள் அவர்களில் ஒருத்தியின் கண்ணில் பட்டுவிட்டால்? அப்படி ஒன்றும் ஆகாவிட்டாலும், தமிழ் டீச்சர் தமிழ்ப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தாள் என்று நாளைக்குப் பேச மாட்டார்களா? கழற்றச் சொல்லவும் மனம் வரவில்லை, சும்மா விடவும் தைரியம் இல்லை. எரிச்சலில் அந்தப் பயிற்சியாளரைத்தான் முறைத்தேன். ஒரு வாரம் முன்னாலேயே கேட்டிருந்தால் என்னவாம்?

வேறு வழியில்லாமல் முதல் நடுவரிடம் போனேன். காம்பாரிலிருந்து வந்த சீன ஆசிரியர் அவர். வலையின் உயரத்தை மூன்று தடவை அளந்து பார்ப்பவர், கண்டிப்புக்குப் பெயர் போனவர். அவரிடம் இதையெல்லாம் சொல்லிப் புரிய வைக்க முடியாது என்று முடிவு கட்டிக்கொண்டேதான் போனேன். மலாயில் காப்புக்கு என்ன வார்த்தை என்றுகூடத் தெரியவில்லை. சாமிக்குக் கட்டிய நூல், அம்மா ஆஸ்பத்திரியில் என்று திக்கித் திணறிச் சொன்னேன்.

அவர் மேடையை விட்டு இறங்கி வந்தார். அந்தப் பெண்ணிடம் தொடலாமா என்று கேட்டுவிட்டு, அந்த மஞ்சளைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இத எப்ப அவுக்கலாம்?" என்று மலாயில் கேட்டார். அடுத்த வாரம் என்றேன்.

"அப்ப மூடிடுவோம்" என்றார். அவ்வளவுதான்.

கீறக் கூடாது என்பதுதான் விதி, கீறாதபடி மூடிவிட்டால் தடையில்லை, ஆனால் எதிரணிக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்று விளக்கினார். இரண்டு அணித் தலைவிகளையும் கூப்பிட்டு அந்தக் கையைக் காட்டினார். எதிரணித் தலைவி ஒல்லியான பெண், தலையை மூடிக் கறுப்புத் தூடோங் போட்டிருந்தாள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு இடம் இருந்தது. கயிற்றைப் பார்த்தாள், பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்துச் சுற்றி, ஆட்டம் தொடங்கியது.

முதல் செட்டைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஜெயித்தார்கள். காப்புக் கட்டிய பெண்தான் பின்வரிசையில் விழுந்து விழுந்து பந்தை எடுத்தாள். இரண்டாவது செட்டில் வெயில் ஏறியது. வியர்வையில் பிளாஸ்திரி கழன்றது. விசில் அடித்து நிறுத்தி, புதிதாக ஒட்டினோம். அதுவும் நிற்கவில்லை. மேடையிலிருந்தவர் அந்த அணிக்குத் தாமத எச்சரிக்கை கொடுத்தார். இன்னொரு தடவை நிறுத்தினால் எதிரணிக்கு ஒரு புள்ளி. ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்த நேரம், ஒரு புள்ளி என்பது சின்ன விஷயமில்லை.

ஈரக் கையில் மூன்றாவது பிளாஸ்திரி ஒட்டவே இல்லை. நான் ஊதித்தான் ஆக வேண்டும். விசிலை வாயில் வைத்துவிட்டேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு, இடது கையால் காப்பைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எதிரணித் தலைவி தன் மணிக்கட்டில் இருந்த நீல நிறப் பட்டையை உருவினாள். வியர்வை துடைக்கப் போடுவோமே, தடித்த துணிப் பட்டை, அதுதான். வலைக்கு அடியில் கையை நீட்டி, "பாக்காய்லா" என்றாள். போட்டுக்கோ என்கிறாள். காப்பு முழுவதும் அதற்குள் மறைந்தது. நான் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மேடையைப் பார்த்தேன். முதல் நடுவர் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் அடுத்த சர்வீசுக்கு விசில் அடித்தார்.

அதற்குப் பிறகு பட்டை ஒரு தடவைகூட நழுவவில்லை. எதிரணித் தலைவிதான் நெற்றி வியர்வையைச் சட்டைக் கையில் துடைத்துத் துடைத்து ஆடினாள். அந்த செட்டையும் அடுத்த செட்டையும் அவர்களே ஜெயித்தார்கள். நம் பிள்ளைகள் தோற்றதில் எனக்கு வருத்தம்தான், அதை மறைப்பானேன்? ஆனால் ஆறு பேரும் கடைசிப் பந்து வரைக்கும் ஆடினார்கள். கைகுலுக்கும்போது அந்தப் பெண் பட்டையைக் கழற்றிக் கொடுக்கப் போனாள். எதிரணித் தலைவி அவள் கையைப் பிடித்துத் தடுத்து, வேண்டாம், அடுத்த வாரம்வரை வேண்டுமே என்றாள். நடுவரிடம் நான் சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பங்குனி உத்திரத்தன்று ஈப்போவில் கோயிலுக்குப் போயிருந்தேன். பால்குட வரிசையில் இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்தபடி ஒரு பெண் வந்தாள். மஞ்சள் உடை, வெறும் கால். உயர்ந்திருந்த வலது மணிக்கட்டில் நீலப் பட்டை. பக்கத்தில் ஓர் அம்மா, மகளின் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் கண் பட்டையின் மேல் போனதைக் கவனித்து, கொஞ்சம் பயந்த குரலில் அவசரமாகச் சொன்னாள்.

"நல்லா தொவச்சிட்டுத்தான் போட்டேன் டீச்சர்."

இன்றும் ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளின் கையை நீட்டச் சொல்லிப் பார்க்கிறேன், விதியில் ஒன்றும் குறைக்கவில்லை. ஆனால் 'கழட்டு' என்று சொல்வதற்கு முன்னால், 'இது என்னம்மா, எப்ப அவுக்கலாம்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.