அப்பாவுக்கு ஒரு பேனர்

வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். செய்வதைவிட, அதைப் பற்றி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இரண்டு வரி எழுதத்தான் அதிக நேரமாகிறது. எழுதுகிறேன், அழிக்கிறேன், கணவரிடம் படித்துக் காட்டுகிறேன், மறுபடியும் அழிக்கிறேன். "ஒரு கேக்குக்கு இவ்ளோ யோசிக்கணுமா?" என்கிறார். ஒன்பது வயதில் நான் எழுதிய முதல் விளம்பரம் அவருக்குத் தெரியாது.

அம்பத்தூரில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அப்பாவின் செருப்புக்கடை. அந்த வருடம் மெயின் ரோட்டில் பெரிய செருப்பு ஷோரூம் ஒன்று வந்தது. அதன் பேனரில் ஒரு நடிகை செருப்பைக் கையில் ஏந்திச் சிரித்தார். பல நாள் நின்று பார்த்துவிட்டு, நாமும் ஒன்று வைப்போம் என்றார் அப்பா. நடிகைக்கு எங்கே போவது? அம்மா வழி சொன்னாள். "உங்க மூஞ்சியப் போடுங்க. அதப் பாத்துதானே இத்தினி வருஷமா வாங்கினாங்க?"

கடைக்கு அது இருபதாவது வருடம். தமிழில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் என்பதால் வாசகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் படித்த பேனர்களில் எனக்குப் பிடித்த வரிகள் நிறைய இருந்தன. அவற்றில் மிக அழகானதை எழுதினேன்: 'என்றும் உங்கள் நினைவில்'. அதன் கீழே கடை திறந்த வருடம், ஒரு சின்னக் கோடு, நடப்பு வருடம். "சோக்கா கீதும்மா" என்றார் அப்பா. அவரிடம் இருந்த ஒரே நல்ல படம் கல்யாணத்துக்கு முன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பேனர் அடிப்பவர் எதுவும் கேட்கவில்லை. தானாகவே இருபுறமும் குத்துவிளக்கு சேர்த்து, வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஸ்டாப் அருகே கட்டியும் விட்டார். நாங்கள் போய்ப் பார்ப்பதற்குள் ஊர் பார்த்துவிட்டது.

சனிக்கிழமை காலை கடை ஷட்டரை இன்னும் தூக்கவில்லை. வீட்டின் பக்கவாட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் மாலையோடு வீட்டுக்குள் வந்தார் தெருமுனை ஆட்டோக்காரர். தட்டோடு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இன்னா நைனா... நீ கீறியா?"

"இட்லி துன்னுகினு கீறேன். யாருக்கு மாலை?"

பேனர் செய்த வேலை புரிந்து இருவரும் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தவர்கள் வந்துவிட்டார்கள். "பயமுறுத்திட்டியே அண்ணாத்தே!" யாரோ போனில் சொன்னதைக் கேட்டு முகப்பேரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு அம்மா, அழுதுகொண்டே நுழைந்து, அப்பாவைக் கண்டதும் இன்னும் சத்தமாக அழுதார். "எம் புள்ள ஸ்கூல் முடிக்கிற வரிக்கும் உங்க கடை ஷூதாண்ணே போட்டான்!"

மதியம்வரை ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். அம்மா டீ போட்டு ஓய்ந்தாள். உன்னைப்போல் நாணயமான ஆள் உண்டா என்றார்கள், தோளைத் தட்டினார்கள். ஷட்டரைத் தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

முதலில் அப்பாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். போகப்போக, வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டு, அவர்கள் வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளையே பார்க்க ஆரம்பித்தார். பெரும்பாலும் புதியவை. உள்ளே தங்க எழுத்தில் ஷோரூமின் பெயர் மின்னியது. அப்பா பேசுவது குறைந்துகொண்டே வந்தது. களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

கடைசி ஆளும் கிளம்பியதும் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்பா, வாசல்ல நாப்பது ஜோடிக்கு மேல இருந்துது! நான் எண்ணினேன். பேனர் வேல செஞ்சிடுச்சுப்பா!" என் வரிதான் வேலை செய்தது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

பேனரைக் கழற்றப் போவதற்காக அப்பா சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பொத்தானில் கை நின்றது.

"அதுல நம்ம கடை செருப்பு எத்தினிம்மா?"

அதை நான் எண்ணவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் போட்டுக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். வகுப்பில் விடை தெரியாமல் நிற்பதுபோல் வெட்கமாக இருந்தது.

"அடுத்த தடவ எல்லாரும் வரும்போது கரெக்டா எண்ணிச் சொல்றேம்பா" என்றேன்.

அப்பா என் தலையில் கையை வைத்து, வெகுநேரம் எடுக்காமலே நின்றார். சரியான பதிலைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.