முற்பகலா, முதுகலையா

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கனவு அதைவிடச் சட்டென்று வரும். இரண்டில் எது என்னை அதிகம் படுத்தியது என்று கேட்டால் கனவு என்றுதான் சொல்வேன்.

அப்போது பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் வருடம். பூதலூரிலிருந்து தினமும் தஞ்சாவூருக்குப் பாசஞ்சரில் போய்வந்துகொண்டிருந்தேன். கல்லூரியில் அந்த ஜூனில் ஒரு புது ஏற்பாடு வந்தது. மூன்றாம் வருடத்தில் நல்ல மார்க் உள்ளவர்கள் எம்.எஸ்சி. வகுப்பில் உட்கார்ந்து நாலு பேப்பர் எழுதலாம். பிறகு அங்கேயே எம்.எஸ்சி. சேர்ந்தால் அந்த க்ரெடிட் அப்படியே செல்லும்; இரண்டு வருடப் படிப்பு ஒன்றரை வருடத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை. பி.எஸ்சி. பேப்பர் ஒன்றில்கூட அரியர் விழக்கூடாது. விழுந்தால் நாலு பேப்பரும் போச்சு. நோட்டீஸ் போர்டில் இதைப் படித்ததும் விண்ணப்பம் வாங்க ஓடினேன்.

ஏனென்றால் எனக்குப் போதாமல் இருந்தது சரியாக அந்த அரை வருடம். அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்தார். அடுத்த வருடம் விட்டு அதற்கடுத்த வருடம் டிசம்பரோடு ரிட்டையர்மென்ட். ஜனவரியில் அம்மாவும் அவரும் பெங்களூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. என்னை ஹாஸ்டலில் விடும் பேச்சே கிடையாது. டிசம்பருக்குள் முடிகிற படிப்பென்றால் படி, இல்லாவிட்டால் பி.எஸ்சி.யோடு எங்களோடு கிளம்பு என்று சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அப்பா ஒன்று சொல்லிவிட்டால் அது அரசாங்க உத்தரவு மாதிரி. யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நான் மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை போடுவேன், உத்தரவுக்கு மட்டும் போட்டதில்லை.

விண்ணப்பத்தில் கையெழுத்துக் கேட்டபோது அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

"இதென்ன கூத்து? கீழ இருக்கிறதை முடிக்காம மேல இருக்கிறதுக்குப் போறதா? ஒண்ணை முடிச்சிட்டு ஒண்ணைத் தொடு."

"தை மாசம் நம்ம வயல்ல என்னப்பா பண்றீங்க? நெல்லு அறுக்கறதுக்குப் பத்து நாள் முன்னாடியே உள்ள எறங்கி உளுந்து தெளிக்கிறீங்களே. முடிச்சிட்டா தொடுறீங்க?"

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தது கேட்டது. "பதில் சொல்லுங்க, ஆபீசரே" என்றாள்.

அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஈரம் காயறதுக்குள்ள வெதை விழணும், அதுக்காகத் தெளிக்கிறோம். ஆனா நெல்லை ஒழுங்கா அறுத்தாத்தான் உளுந்து நமக்கு. தெரிஞ்சுக்க" என்று சொல்லி, தேதி போட்டு, முத்திரை இல்லாத குறையாகக் கையெழுத்துப் போட்டார்.

எம்.எஸ்சி. வகுப்பு மாடியில், மத்தியானம். கடைசி பெஞ்சு எனக்கு. அக்காமார்கள் என்னை 'பாப்பா' என்று கூப்பிட்டார்கள். முதல் வாரம் பல்லைக் கடித்தேன், அப்புறம் பழகிவிட்டது. டோபாலஜி எடுத்த மேடம் மெல்லிய குரலில், தனக்குத்தானே பேசிக்கொள்வது போல நடத்துவார். பிடியுள்ள காபிக் கோப்பையை அறுக்காமல், ஒட்டாமல் மெல்ல மெல்ல இழுத்து வளைத்தால் மெதுவடையாகிவிடும். இரண்டும் ஒன்றுதான் என்றார். "நம்ம டம்ளர் சேராது. டம்ளரும் இட்லியும்தான் ஒண்ணு" என்றார். மத்தியானச் சாப்பாட்டு மயக்கமும் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து, கண்ணெதிரே கோப்பை வளைந்து வளைந்து வடையாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓரமே இல்லாத கணங்கள், ஓப்பன் செட் என்று ஒன்று சொன்னார். அதன் உள்ளே எங்கே நின்றாலும் உன்னைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருக்கும், எவ்வளவு தூரம் போனாலும் விளிம்பில் போய் முட்டமாட்டாய். அன்று சாயங்காலம் ஆலக்குடி தாண்டும்போது ஜன்னல் வழியே நடவு வயல் முழுக்கத் தண்ணீரும் வானமுமாகக் கிடந்தது. வரப்பு எங்கே என்று தேடினேன், தெரியவில்லை. பூதலூரில் இறங்கவே மறந்துபோய், வண்டி அசைந்த பிறகு குதித்தேன். நல்லவேளை, அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்படி ஒரு வருடம் போனது. உண்மையைச் சொன்னால் அதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

ஏப்ரலில் தேர்வு. இரண்டு வகுப்புக்கும் இரண்டு கால அட்டவணை. நான் இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டினேன். முதலில் பி.எஸ்சி. பேப்பர்கள். முற்பகல் என்பதற்கு 'மு' என்று போட்டேன். அதையெல்லாம் எழுதி முடித்து இரண்டு நாள் கழித்துத்தான் எம்.எஸ்சி. அட்டவணை வந்தது. அதே தாளில் இடையிடையே சொருகி, முதுகலை என்பதற்கும் 'மு' என்று போட்டேன். முதுகலைத் தேர்வெல்லாம் பிற்பகல்.

முதல் வாரம் பி.எஸ்சி. கணிதத் தேர்வுகள் ஓடின. தோழிகளோடு காலை வண்டியில் போனதால் தாளைப் பார்க்கும் வேலையே இல்லை. அடுத்த வாரம் முதுகலை. 'மு' என்றால் பதினொரு மணிக்குமேல் வரும் வண்டி என்று கண்ணும் காலும் பழகிப்போயின. அந்த முதுகலைத் தேர்வுகளுக்கு நடுவில் ஒண்டியாக ஒரு பி.எஸ்சி. பேப்பர் நின்றது. மதிப்புக் கல்வி. யாரும் படிக்காத, யாரும் தோற்காத பேப்பர். அதற்கு நேரே 'மு'.

அன்று நிதானமாகக் குளித்து, தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு மத்தியான வண்டி ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே உளுந்து பிடுங்கிய வயல்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. காற்று சூடாக வந்து முகத்தில் பட்டது. நான் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தேன். கல்லூரி வாசலில் என் வகுப்புப் பெண்கள் வினாத்தாளைச் சுருட்டி விசிறிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏண்டி வரல? உடம்பு சரியில்லையா?"

"எங்க வரல?"

"எக்ஸாமுக்கு! மதிப்புக் கல்வி!"

அந்த வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் கேள்வி நேர மேலாண்மையின் அவசியம் பற்றி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அங்கேயே மதில் நிழலில் உட்கார்ந்துவிட்டேன்.

துறைத்தலைவி வருத்தப்பட்டார், ஆனால் வளையவில்லை. "ஜூன்ல இன்ஸ்டன்ட் எக்ஸாம் எழுதி டிகிரி வாங்கிடலாம்மா. எம்.எஸ்சி. சீட்டும் கிடைக்கும். ஆனா அந்த க்ரெடிட் போனது போனதுதான். ரெண்டு வருஷமும் படிக்கணும்." எனக்கு இரண்டு வருடம் ஏது? அண்ணன் வீட்டு பால்கனியில் நின்று துணி காயப்போடும் என்னை நானே பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். மூச்சு விடாமல், நின்ற வாக்கில். அம்மா பீரோ கதவில் இருந்த தாளைப் போய்ப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு எழுத்தா?" என்று வாயில் கை வைத்தாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் திருப்பிக் கத்தலாம்.

"எத்தனை மாசம் குறையுது?" என்றார்.

"டிசம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும்."

"அவ்வளவுதானே. நாங்க ஏப்ரல் வரைக்கும் இங்கயே இருக்கோம். அப்புறம் போறது."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சரியான கோபம் வந்தது. "இதைப் போன வருஷமே சொல்றதுக்கென்னப்பா? ஒரு வருஷமா நாயா அலைஞ்சேனே!"

"நீ கேக்கலையேம்மா" என்றார். "முடிவு பண்ணிட்டேன்னு சொன்னா யாராவது இருங்கப்பான்னு சொல்வீங்கன்னு பார்த்தேன். ஒருத்தரும் சொல்லல. சரி, உங்களுக்கும் போறதுதான் இஷ்டம்போலன்னு விட்டுட்டேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அழுதேன். போன க்ரெடிட்டுக்காக அழுவதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள்.

எம்.எஸ்சி. இரண்டு வருடமும் படித்தேன். அந்த நாலு பேப்பரையும் மறுபடி எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அப்பா தினமும் காலையில் என்னோடு ஸ்டேஷனுக்கு நடந்து வந்தார். வேறு வேலை இல்லை என்று சொல்லிக்கொண்டே வருவார். ரோட்டோரம் நின்று யார் வயல் என்ன பயிர் என்று சொல்வார், ஆபீஸ் கதை சொல்வார், பாட்டுக்கூடப் பாடினார். அவருக்குப் பாட வரும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஏப்ரலோடு அவர்கள் பெங்களூருக்குப் போனார்கள், நான் வேலைக்காக இங்கேயே தங்கிவிட்டேன். அப்பா அங்கே இரண்டு வருடம்கூட இருக்கவில்லை, காலமாகிவிட்டார். அவரோடு எனக்குக் கிடைத்தது அந்த நாலு மாதம்தான். அதைத்தான் மிச்சப்படுத்தப் பார்த்தேன், ஒரு வருடம் முழுக்க.