உலர்த்தும் அறையில் ஆறு பலாக்கட்டைகள்

மலேசியாவில், சிகாமட்டில் இருக்கும் என் அண்ணன் மிருதங்கம் செய்கிறவர். நான் கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில், ரப்பர் மரப் பலகைகளைச் சூட்டில் காயவைக்கும் அறைகளைப் பார்த்துக்கொள்கிறேன். என் பலகைகள் பத்து நாளில் காய்ந்துவிடும். அவருடைய பலாக்கட்டைகள் நிழலில் ஒன்றிரண்டு வருஷம் கிடக்க வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் ஆற்றுத்தண்ணீர் அவர் வீட்டுக் கொட்டகைக்குள் புகுந்தது. முக்கால்வாசி காய்ந்திருந்த கட்டைகள் மிதந்து வெளியே போயின. வேலியில் சிக்கிக் கிடைத்தவையும் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிட்டன. அடுத்த வருஷம் அக்டோபரில் அண்ணன் வேனில் என் வீட்டுக்கு வந்தார். பின்பக்கம் புதிதாகக் கடைந்து குடைந்த ஆறு கட்டைகள் இருந்தன.

"உங்க பெக்டரில சூடு ரூம் இருக்குல்ல. மழைக்கு முன்னாடி இது காஞ்சாகணும்மா."

"அண்ணே, அது மெல்லிசு பலகைக்கு வச்ச சூடு. இந்தக் கனத்துக்கு ஒத்து வராது."

"ஒரு மூலையில வைம்மா. இன்னொரு தடவ தண்ணில போச்சுன்னா என்னால முடியாது."

மறுக்க எனக்கு வாய் வரவில்லை. என் மேலாளர் ஒரு சீனர், நிதானமானவர். பலகைகளுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் வைத்துக்கொள் என்று மலாயில் சொன்னார். முனைகள் முந்திக் காய்ந்து பிளக்காமல் இருக்க, கட்டைகளின் இரு பக்கமும் மெழுகு பூசி, காற்றாடிக்கு எட்டாத மூலையில் அடுக்கினேன்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை, ஈரம் எவ்வளவு குறைந்தது என்று பார்க்க மாதிரிப் பலகைகளை எடை போட உள்ளே போனபோது, ஒரு கட்டையில் மெழுகு உருகி வழிந்திருந்தது. அந்த இடத்தில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. விரலால் தடவினேன், நகம் இறங்கியது. வெளிப்பக்கம் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே இன்னும் ஈரம். இப்படியே விட்டால் சாயங்காலத்துக்குள் ஆறும் பிளந்துவிடும்.

நீராவியைத் திறந்துவிட்டால் கோடு அங்கேயே நிற்கலாம். ஆனால் அந்த அறை முழுக்க ஏற்றுமதிக்குப் போகிற பலகை; நீராவி பட்டால் அது மறுபடி ஈரமாகிவிடும். மேலாளரிடம் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன்.

"நீராவி கூடாது. வெள்ளிக்கிழமை இந்தப் பலகை லாரியில் ஏற வேண்டும். உன் கட்டையை எடுத்துக்கொள்," என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

சூட்டிலிருந்து நேரே வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்தாலும் கட்டை வெடிக்கும். கோணிச்சாக்குகளை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தேன். கூட வேலை செய்யும் நேப்பாளக்காரர் காற்றாடியை நிறுத்திவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார். உள்ளே மூச்சை இழுத்தால் நெஞ்சு எரிந்தது. ஒவ்வொரு கட்டையாகச் சாக்கில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக் கொண்டு வந்தேன். நாலாவதைத் தூக்கும்போது கைக்குள்ளேயே 'டக்'கென்று ஒரு சத்தம். கட்டையின் நடுக்கம் என் விலா எலும்பில் தெரிந்தது. அதைப் பார்க்க நிற்காமல் ஐந்தாவதை எடுக்கத் திரும்பினேன்.

அண்ணனுக்குப் போன் போட்டு, "வெடிச்சிருச்சுண்ணே. எத்தனன்னு தெரியல," என்றேன். "வரேன்" என்று மட்டும் சொன்னார்.

கட்டைகளைச் சாக்கோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சிகாமட்டிலிருந்து அவர் வந்து சேரும்வரை நான் சாக்கைப் பிரிக்கவில்லை. என் வீட்டு வரவேற்பறையில் தரையில் உட்கார்ந்து அவரே ஒவ்வொன்றாகப் பிரித்தார். இரண்டு கட்டைகள் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தன. மற்ற நான்கையும் விரல் மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்டார். ஒன்றில் மட்டும் மேலோட்டமான கீறல்.

"இது நாலும் தேறும்," என்றார். "உன் மேல தப்பு இல்ல. நீ முதல்லயே சொன்ன."

எனக்கு அது ஆறுதலாக இல்லை. "இத இங்கயே வச்சிருக்கலாமேண்ணே. கூலாய்ல எங்க பக்கம் தண்ணி ஏறாது."

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்," என்றார் அண்ணன், கட்டையைப் பார்த்தபடி. "வீடு சின்னது. நானா எப்படிக் கேக்குறது?"

இங்கே வைப்பதை நானும் யோசித்திருந்தேன். வேனில் கட்டைகளைப் பார்த்த அன்றைக்கே பின்னறை நினைவுக்கு வந்தது. துணி, இஸ்திரி மேசை, பிள்ளைகளின் பழைய புத்தகங்கள், எல்லாவற்றையும் எங்கே ஒதுக்குவது என்ற சலிப்பில் வாயை மூடிக்கொண்டேன். தொழிற்சாலைக்குக் கொண்டுபோவது அதைவிடச் சுலபமாகத் தெரிந்தது.

அன்றைக்கே பின்னறையைக் காலி செய்தோம். தரையில் சட்டம் போட்டு, ஒன்றோடொன்று தொடாமல் நான்கையும் அடுக்கினோம். ஜன்னலில் வெயில் விழாதபடி என் கணவர் அட்டை ஒட்டினார். டிசம்பரில் சிகாமட்டில் மறுபடியும் வெள்ளம் வந்தது. அண்ணனும் அண்ணியும் ஒரு வாரம் எங்களோடு தங்கினார்கள். படுக்க இடமில்லாமல் வரவேற்பறையில் பாய் விரித்தோம். கட்டைகளை நகர்த்தலாம் என்று யாரும் சொல்லவில்லை.