என் கேபிள் உறுமாது

என் அக்காவுக்கு நான் நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஆனாலும் வங்கியில் வாங்கியிருந்தால் இவ்வளவு பேச்சு கேட்டிருக்க மாட்டேன். வங்கிக்காரன் நான் சாப்பிட உட்காரும்போது எதிரில் வந்து உட்கார மாட்டான் அல்லவா?

இன்று மேடைக்கு வேண்டிய ஒலிக் கேபிள் என்றால் இந்த ஊரில் என்னைத்தான் கைகாட்டுவார்கள். பெரிய அரங்குகளில் பாதிக்கு மேல் என் பட்டறைச் சரக்குதான் கிடக்கிறது. தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் மேடைக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். எனக்கு யாரும் கையைப் பிடித்துச் சொல்லித்தரவில்லை. செத்துப்போன ஒயர்களை அறுத்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் பெட்டி தூக்கினேன். அங்கே ஒன்றைக் கவனித்தேன். பெட்டி சுலபத்தில் கெடாது, மைக்கும் கெடாது, எப்போது பார்த்தாலும் ஒயர்தான் காலை வாரும். அதுவும் பிளக்குக்குப் பக்கத்தில், நாலு விரற்கடைக்குள். மற்றவர்கள் அதைக் குப்பையில் போடுவார்கள், நான் பொறுக்கி வந்து பிளேடால் வகுந்து பார்ப்பேன். மட்டமான ஒயரில் செம்பு இழை பத்துப் பன்னிரண்டு இருக்கும், தடித்தடியாக. நாலு தடவை மடக்கினால் முறிந்துவிடும். நல்ல ஒயரில் முடி மாதிரி மெல்லிய இழைகள் கட்டுக் கட்டாக இருக்கும். மேடையில் கிடக்கும் ஒயர் பாம்பு மாதிரி வளைய வேண்டும், விறகு மாதிரி விறைத்து நிற்கக் கூடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை.

சொந்தமாகக் கேபிள் செய்து விற்கலாம் என்று தோன்றியபோது என் கையில் சல்லிக்காசு இல்லை. அக்காவிடம் இருந்தது. வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டுத் துணி தைத்துச் சேர்த்த பணம். கடைவீதியில் ஓர் அறை பிடித்துச் சொந்தத் தையல் கடை வைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

“அக்கா, கடைவீதியில இப்ப ரூம் எதுவும் காலி இல்லையே. அதுவரைக்கும் அந்தப் பணம் சும்மாதானே கிடக்கு?”

“சும்மா கிடக்கட்டும். உன்கிட்ட வந்தா ஓட ஆரம்பிச்சிடும்.”

“கம்பெனி சரக்கு மாதிரியே செஞ்சு காட்டுறேன். ஒரே வருஷம்.”

“கம்பி விக்கிறேன்னு சொல்லிட்டு கம்பி நீட்டிடாதடா.”

கொடுத்துவிட்டாள். கூடவே அந்த முன்னறையில் பாதியையும் கொடுத்தாள். ஒரு பக்கம் அவளுடைய இயந்திரம், மறு பக்கம் என் மேசை. அவள் பக்கத்து நூல் என் பக்கம் வந்தால் நான் கத்துவேன், என் ஈயத் துளி அவள் பக்கத்துத் துணியில் விழுந்தால் அவள் கத்துவாள். பேருந்து ஓட்டுநரான அத்தான் இரண்டு கத்தலுக்கும் நடுவில் நாற்காலி போட்டு நிம்மதியாகத் தூங்குவார். எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகிய காது.

ஒரு வருஷம் என்றேன், இரண்டாயிற்று. சில்லறை வியாபாரம் நடந்தது, கடன் மட்டும் அடையவில்லை. அப்போதுதான் கடைவீதியில் ஓர் அறை காலியாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் முன்பணம் வராவிட்டால் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று கட்டடக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா தையல் சாக்பீஸை எடுத்து, என் மேசைக்கு நேரே சுவரில் ‘வெள்ளி ஆறு மணி’ என்று எழுதிவிட்டுப் போனாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நல்ல வேளை, புது அரங்கத்தின் வேலை என் கைக்கு வந்திருந்தது. அங்கே வாங்கிப் போட்ட கேபிள்கள் எல்லாம் உறுமிக்கொண்டிருந்தன. மைக்கை உயர்த்தினால் போதும், கூடவே ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். மேலாளர் வெறுத்துப்போயிருந்தார்.

“தங்கப் பூச்சு போட்டதுன்னு பத்து மடங்கு விலை குடுத்து வாங்கினேங்க. அதுவும் உறுமுது.”

“சார், தங்கம் துரு பிடிக்காது. அவ்வளவுதான் அதோட புண்ணியம். உறுமலுக்கும் தங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? உங்க விளக்கு ஒயர் எந்தப் பக்கம் போகுது?”

காட்டினார். மேடை விளக்குகளுக்குப் போகும் கனத்த மின்கம்பிகளும் மைக் கேபிள்களும் ஒரே பள்ளத்தில் ஒட்டி உரசிக்கொண்டு போயின. உறுமாமல் என்ன செய்யும்?

அவருக்கு நான் விளக்கிச் சொன்னேன். மைக் கேபிளில் இரண்டு கம்பிகள் ஒரே சத்தத்தை ஒன்றுக்கொன்று தலைகீழாகச் சுமந்து போகும். வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டின் மேலும் ஒரே மாதிரி விழுந்தால், கடைசியில் கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது உறுமல் பூஜ்யமாகிவிடும், சத்தம் மட்டும் மிஞ்சும். ஆனால் ஒரு கம்பி மின்கம்பிக்குக் கிட்டே, இன்னொன்று கொஞ்சம் எட்டே இருந்தால் கணக்கு உதைக்கும். அதனால் நான் நாலு கம்பி முறுக்கிய கேபிளை எடுப்பேன். எதிரெதிரே இருக்கும் கம்பிகளை ஜோடி சேர்த்துப் பற்றவைத்தால் இரண்டு ஜோடியும் ஒரே இடத்தில் இருப்பது போல் ஆகிவிடும். மேலே வெளிச் சத்தத்தை அடைக்கச் செம்பு இழைப் பின்னல், கண்ணுக்கு இடைவெளி தெரியாத நெருக்கத்தில். நடுவில் பருத்தி நூல், மிதித்தாலும் கம்பிகள் அசையாமல் இருக்க.

“செம்பு?” என்று கேட்டார். “ஆக்ஸிஜனை நீக்கின செம்புதான் நல்லதுன்னு சொல்றாங்களே?”

“அதைத்தான் போடுவேன் சார். ஆனா அதுக்காகத் தனிக் காசு கேக்க மாட்டேன். பத்து மீட்டர்ல அந்த வித்தியாசம் எந்தக் காதுக்கும் தெரியாது. பின்னலும் பற்றவைப்பும் சரியில்லைன்னா மட்டும் எல்லாக் காதுக்கும் தெரியும்.”

அந்தப் பதிலுக்காகத்தான் ஆர்டர் கொடுத்ததாகப் பிறகு சொன்னார்.

மைக் கேபிள்களோடு, கிட்டார் மாதிரி கருவிகளுக்கு ஒற்றைக் கம்பிக் கேபிள் பன்னிரண்டும் கேட்டிருந்தார். அதற்கு விலை உயர்ந்த ஒரு புதுச் சுருளை வாங்கினேன். நடுவில் செம்பு, அதன்மேல் தடித்த வெள்ளை உறை, அதன்மேல் மெல்லிய கருப்பு உறை, பிறகு பின்னல். வெள்ளை உறை தடிமனாக இருந்தால் கிட்டாரின் கீச்சுக் குரல் வழியில் மங்காமல் போய்ச் சேரும், அது எனக்குத் தெரியும். கருப்பு உறையை இன்னொரு பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டையும் டேப் ரெக்கார்டரில் செருகிப் பாட்டுப் போட்டுப் பார்த்தேன். மணி மாதிரி கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை அரங்கத்தில் சோதனை. மைக் கேபிள்களை அதே பள்ளத்தில் போட்டு, எல்லா விளக்கையும் ஏற்றி இறக்கினார்கள். ஒரு முனகல்கூட இல்லை. மேலாளர் ஒலிபெருக்கியில் காதை வைத்து, “ஆன்ல இருக்கா?” என்று கேட்டார். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

அடுத்து கிட்டார். வாசிக்க வந்தவன் பஞ்சுத் தலை என்று எல்லோரும் கூப்பிடும் பையன், உண்மையிலேயே தலையில் ஒரு மூட்டை பஞ்சு. என் கேபிளைச் செருகி இரண்டு தட்டுத் தட்டினான். முகத்தைச் சுளித்தான்.

“அண்ணே, என் கிட்டாருக்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்கே.”

“அப்ப அதுக்கு மாத்திரை குடுப்பா. கேபிளைக் குறை சொல்லாதே.”

அவன் தன் பழைய கேபிளை எடுத்துச் செருகினான். கணீர் என்றது. என்னுடையதைச் செருகினான். போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல் மொத்தையாக, பலவீனமாக வந்தது. இன்னொன்று, இன்னொன்று. பன்னிரண்டுக்கும் சளி.

“என் கேபிள் உறுமாதுன்னு சொன்னீங்க. இது வாயே திறக்க மாட்டேங்குதே” என்றான். மேடையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது, கடன் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். “நாலு மணிக்குள்ள சரி பண்ணிக் கொண்டு வாங்க. மொத்தமா இருந்தாத்தான் பணம். பாதி சரக்குக்கு என்னால பில் போட முடியாது.”

பன்னிரண்டையும் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அக்கா தைத்துக்கொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்த்ததுமே இயந்திரம் நின்றது.

“பணம்?”

“வந்துடும். சின்னக் கோளாறு.”

“உன் சின்னக் கோளாறு எல்லாம் எனக்குப் பெரிசாத்தான் முடியும்.”

பிளக்கைக் கழற்றி, கரண்ட் சோதிக்கும் மீட்டரை வைத்தேன். உள்கம்பியும் பின்னலும் தொட்டுக்கொண்டிருந்தால் மீட்டர் கீச்சிடும். கீச்சிடவில்லை. “எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு” என்று மீட்டரைக் கீழே வைக்கப் போனேன்.

அக்கா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒழுங்கா இருந்தா அந்த முள் ஏன் தலை தூக்குது?”

முள் உண்மையிலேயே கொஞ்சம் எழுந்து நின்றது. கீச்சொலிக்குக் காது கொடுத்தே பழகிய நான் முள்ளைப் பார்க்கவில்லை. எங்கோ கசிகிறது. எல்லா இடத்திலும் குத்திப் பார்த்தேன். கடைசியில், சும்மா ஒரு வீம்புக்கு, மீட்டரின் இரண்டு முனைகளையும் அந்தக் கருப்பு உறையின் மேலேயே வைத்தேன். முள் துள்ளியது.

“அக்கா! பிளாஸ்டிக்ல கரண்ட் ஓடுது!”

“இன்னிக்கு என்னாச்சு உனக்கு?” என்று நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த அத்தான் விழித்துக்கொண்டார்.

சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. கேபிளை மிதித்தால், இழுத்தால், உள்ளே உறைகள் உரசி ‘பட் பட்’ என்று சத்தம் கிளம்பும். அந்த உரசலில் பிறக்கும் மின்சாரத்தைப் பின்னலுக்கு வடித்துவிடத்தான் கரி கலந்த அந்தக் கருப்பு உறை. ஆகவே பற்றவைக்கும் முன் அதை முனையிலிருந்து நன்றாக உரித்துத் தள்ள வேண்டும். நானோ வெள்ளை உறையின் ஓரம் வரைக்கும் விட்டு வைத்திருந்தேன். அது உள்கம்பியைத் தொட்டு, சத்தத்தைப் பின்னலுக்குக் கசியவிட்டது. டேப் ரெக்கார்டர் பலசாலி, அந்தக் கசிவு அதற்கு உறைக்கவில்லை. கிட்டாரின் காந்தச் சுருளிலிருந்து வருவது நோஞ்சான் சத்தம், கசிந்ததும் சுருண்டு படுத்துவிட்டது. இதைப் பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். முள்ளைக் காட்டியது அக்கா என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு வந்து சண்டை போடுவாள்.

இருபத்து நாலு முனைகள். கருப்பு உறையை உரிக்க வேண்டும், வெள்ளை உறையில் கீறல் விழக் கூடாது. என் பிளேடு முதல் முனையிலேயே வெள்ளையை வெட்டியது. அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து, கருப்பின் மேல் ஒரு கோடு இழுத்து, நகத்தால் நெம்பி, பூசணித் தோல் மாதிரி சுருட்டி எடுத்தாள்.

“துணி கிழியாம தையலை மட்டும் பிரிக்கிறவ நான். இதெல்லாம் எனக்குச் சுண்டைக்காய். நீ உன் ஈயத்தைப் பாரு.”

அவள் உரித்தாள், நான் பற்றவைத்தேன். முனையைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானாக ஓடிப் பரவ வேண்டும். பளபளவென்று ஆறினால் நல்ல பிடி. திப்பி திப்பியாக நின்றால் பிரித்து மறுபடி. அவள் ஒன்று முடிப்பதற்குள் நான் ஒன்று முடிக்க வேண்டும் என்று ஒரு போட்டி வேறு. வாய் மட்டும் ஓயவில்லை.

“ரெண்டு வருஷம்டா! ரெண்டு வருஷத்துல எலிகூட வீடு கட்டி, பிள்ளை பெத்து, பேரனைப் பாத்துடும்.”

அத்தான் மெல்ல என் பக்கம் சாய்ந்தார். “மச்சான், வெளிச் சத்தத்தை அடைக்கிற பின்னல்னு சொல்றியே, அதுல எனக்கு ரெண்டு மீட்டர் கிடைக்குமா? காதுல சுத்திக்க.”

“காது கேக்குது எனக்கு” என்றாள் அக்கா, கத்தியை நிறுத்தாமல்.

கடைசி முனையில் மீட்டரை வைத்தபோது முள் செத்த பல்லி மாதிரி படுத்துக் கிடந்தது. அத்தான் ஸ்கூட்டரை எடுத்தார். பேருந்து ஓட்டும் நினைப்பில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேகத்தைக் குறைத்தார், நான் பின்னாலிருந்து முதுகில் குத்தினேன்.

பஞ்சுத் தலை செருகி ஒரு தட்டுத் தட்டினான். கண்ணை மூடிக்கொண்டான். கேபிளைத் தரையில் போட்டு மிதித்தான், ஒரு ‘பட்’கூட வரவில்லை. பிறகு தன் பழைய கேபிளை எடுத்துச் சுருட்டி என்னிடம் நீட்டினான்.

“இதை நீங்களே வச்சுக்கங்க அண்ணே. எனக்கு இது மாதிரி ரெண்டு செஞ்சு குடுங்க.”

“குடுக்கிறேன். முழங்கையில முறுக்கிச் சுத்தினா உள்ளே இழை முறிஞ்சுடும், அப்படிச் சுத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணு முதல்ல.”

மேலாளர் முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்தார். அடுத்த அரங்கத்துக்கும் நான்தான் என்று அப்போதே சொல்லிவிட்டார். இதற்குமேல் அந்த அரங்கம், இந்த அரங்கம் என்று நான் அடுக்கினால் காகிதம் போதாது.

வீட்டு வாசலில் அக்கா செருப்பு மாட்டித் தயாராக நின்றாள். கடைவீதி பக்கம்தான், இன்னும் நேரம் இருந்தது. நோட்டுக் கட்டை அப்படியே நீட்டினேன். வாங்கவில்லை. உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள்.

“நீ எண்ணிப் போடு. நான் பாக்கணும்.”

நோட்டு நோட்டாக எண்ணி வைத்தேன். நாற்பதாயிரம் முடிந்தது. கை மூடவில்லை.

“இன்னும் என்ன?”

“உரிச்ச கூலி.”

“சொந்த அக்கா கூலி கேப்பாளா?”

“ஏன், உன் சட்டையெல்லாம் நான் கூலி வாங்காமலா தைக்கிறேன்?”

“ஆமா, ஓசியிலதான் தைக்கிறே.”

“அப்படியா? அதையும் சேத்து எண்ணு.”

அத்தான் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே வானத்தைப் பார்த்தார். நான் மிச்சக் கட்டைப் பிரித்து, எச்சில் தொட்டு, அந்த விரிந்த கையில் ஒவ்வொன்றாக வைத்தேன். போதும் என்று அவளாகச் சொல்கிற வரைக்கும் வைத்தேன்.